மிதித்துவிட்டு ஓடும் ஆட்டம்

இந்த ஊரில் ஆட்டம் முடிந்ததும் அணியின் பதிமூன்று பேரும் ஒரே தொட்டியில் அம்மணமாக இறங்கிக் குளிக்கிறார்கள். சேறும் சோப்பு நுரையும் கலந்த அந்த வெந்நீருக்குள் பாட்டு வேறு. தேவனாம்பட்டினத்துக் கடலில் கோவணத்தோடு முங்கி வளர்ந்த நான், முதல் நாள் துண்டைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். சிரித்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போயிற்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் கடலூரிலிருந்து இங்கிலாந்தின் வடபகுதிக்குக் கம்பளி மில் வேலைக்கு வந்தவன் நான். ரக்பி லீக் என்ற ஆட்டத்தை இங்கேதான் பார்த்தேன். முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பிடிக்க வருகிறவர்களிடம் தப்பித்து, எதிர்க்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைக்க வேண்டும். சடுகுடுவில் பிடி நழுவி ஓடியவனுக்கு இதென்ன பெரிய வித்தை? ஓரத்தில் நின்று ஓடுகிற விங்கர் இடம் எனக்குக் கிடைத்தது. மில்லில் என்னை ‘ஏய்’ என்பார்கள். சனிக்கிழமை மைதானத்தில்தான் என் பெயரைப் பாதியாகவாவது கூப்பிடுவார்கள். அந்தப் பாதிப் பெயருக்காகவே ஓடினேன்.

ஒரு நாள் பந்தோடு ஓடும்போது, விழுந்து கிடந்த எதிரணிக்காரனின் தோளில் என் பூட்ஸ் ஏறிவிட்டது. கோடு இதோ என்று எதிரே இருக்கிறது. ஆனால் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் நம் ஊரில் என்ன செய்வோம்? நான் யோசிக்கவே இல்லை. குனிந்து அவன் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்குள் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். பந்தும் போயிற்று, ஆட்டமும் போயிற்று.

“என்ன, ஜெபமா? அதற்குத்தான் சர்ச் இருக்கிறதே” என்றார் பயிற்சியாளர்.

“கால் பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.”

“மிதிபடத்தானே அவன் அங்கே கிடக்கிறான்? இன்னொரு முறை குனிந்தால் உனக்கு இடமில்லை.”

வாரம் முழுக்க மில் ஆட்கள் என்னைக் கண்டாலே கண்ணைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை என்பது இவர்களுக்குக் கேலிக்கூத்து. அடுத்த ஆட்டத்தில் ஒருவனுடைய விரல்களை மிதித்தேன். அவன் அலறினான். நான் நிற்காமல் ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தேன். கூட்டம் எழுந்து நின்று என் பாதிப் பெயரைக் கத்தியது. அதன் பிறகு என் இடத்துக்கு ஆபத்தே வரவில்லை.

போன வருஷம் விடுப்பில் கப்பலேறி ஊருக்குப் போனேன். தங்கையின் கணவரும் நானும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனோம். புதுச்சத்திரத்தில் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தவரின் வெறுங்காலை என் பூட்ஸ் நன்றாகவே மிதித்துவிட்டது. “சாரி” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இன்னா மச்சான், ஆளு மேல காலு பட்டுச்சு, தொட்டுக் கும்புடாம குந்திக்கினு இருக்கீங்க?” என்றார் தங்கையின் கணவர்.

“உடுங்க. தொரைமாருங்களுக்கு அதெல்லாம் ஏது?” என்றார் மிதிபட்டவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் குனிந்தேன். அவர் காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.