ஒன்றரை மீட்டரில் ஒரு சாக்பீஸ் கோடு

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, மாடம்பாக்கம் ரோட்டில் இருக்கும் துளசிங்கத்தின் வண்டி ஷெட்டில் வேலை கேட்டுப் போன ஜெயக்கொடிக்கு ஸ்பேனர் கிடைக்கவில்லை, பில் புத்தகம்தான் கிடைத்தது. பொம்பளைக்கு எதுக்கு கிரீஸ் வேலை என்றாராம் துளசிங்கம். பதினோரு வருஷமாக அதே மேஜை. அங்கே மெக்கானிக்காக இருந்த யேசுதாசனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் படித்ததை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்காகவும் விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை அவள்.

போன மாதம் துளசிங்கம் செகண்ட் ஹேண்டில் ஒரு காற்று லிஃப்ட் வாங்கி வந்தார். மேடைக்கு அடியில் தடித்த ரப்பர் பை. கம்ப்ரசரிலிருந்து காற்று ஏற ஏறப் பை விரியும், மேடை வண்டியோடு மேலே போகும். இரண்டு டன்னை ஒன்று புள்ளி எட்டு மீட்டர் தூக்கும் என்று விற்றவன் கணக்கே எழுதிக் கொடுத்திருந்தான். அன்று காலைதான் முதல் தடவையாக இரண்டு டன் லோடு வேன் ஒன்றை அதில் ஏற்றி, யேசுதாசன் அதன் அடியில் நின்று வேலை பார்க்க வேண்டும்.

ஜெயக்கொடி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அழுத்தம் கடைசிவரை மாறாமல் ஆறு பார். பை முழுக்க விரிந்தால் அறுபது லிட்டர். இரண்டையும் பெருக்கி, காற்று முப்பத்தாறாயிரம் ஜூல் வேலை செய்யும் என்று போட்டிருந்தான். வேனை அவ்வளவு உயரம் தூக்கவும் சரியாக அதே முப்பத்தாறாயிரம்தான் வேண்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, மேடை கீழ கீறப்பவே பையில பத்து லிட்டர் கீது. அது எதையும் தூக்கல. விரியறது அம்பது லிட்டர்தான், அத்தாலதான் பெருக்கணும். முப்பதாயிரம்தான் வரும். ஒன்றரை மீட்டருக்கு மேல வேன் ஏறாது."

"நீ பில்லு போடற வேலைய பாரும்மா. வித்தவன் இன்ஜினியரு."

"நானும் படிச்சிட்டுதான் வந்தேன்."

மேடையிலிருந்து டேப் பிடித்து, பக்கத்துத் தூணில் ஒன்றரை மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டாள். "அடியில ஆள் இல்லாம ஒரு தபா ஏத்திக் காட்டுங்க."

காற்றைத் திறந்தார்கள். வேன் முனகிக்கொண்டே ஏறியது. மேடை கோட்டுக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அழுத்தம் காட்டும் முள் ஆறில் அசையாமல் இருந்தது. அந்த நாலு விரற்கடையை உராய்வு தின்றிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

துளசிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எட்டு வெச்சா ஏறிடும்" என்று அழுத்தத்தைக் கூட்ட ரெகுலேட்டரைத் திருகப் போனார். ஆறு பாருக்கு மேல் போகக் கூடாது என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது. ஜெயக்கொடி கம்ப்ரசர் வால்வை மூடிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"நவுரும்மா. இல்லாங்காட்டி நாளையிலேர்ந்து வராத."

"வரல. ஆனா எட்டுல பை வெடிச்சா அடியில நிக்கப்போறது என் புருஷன். நவுர மாட்டேன்."

யேசுதாசன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நான் அடியில போவலண்ணா" என்றான். மற்ற இரண்டு மெக்கானிக்குகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவரும் அடியில் போக முன்வரவில்லை.

துளசிங்கம் ரெகுலேட்டரிலிருந்து கையை எடுத்தார். வேனை இறக்கச் சொன்னார்.

ஜெயக்கொடி நிதானமாகக் காற்றை வெளியே விட்டாள். வேன் தரைக்கு வந்ததும் மேஜைக்குப் போய்ப் பில் புத்தகத்தை எடுத்துவந்து துளசிங்கத்தின் கையில் கொடுத்தாள்.

"பில்லு போட வேற ஆள பாத்துக்குங்கண்ணா. இனிமே இந்த லிஃப்ட்ட நான்தான் ஏத்துவேன், நான்தான் எறக்குவேன்."