குடியிருக்க ஒரு வீடு, விற்க ஒரு வீடு

பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, லாபத்துக்கு விற்கிறவர்களுக்கு வருஷத்தில் இரண்டே பருவம்தான்: செலவு நிற்காத பருவம், வாங்க ஆள் வராத பருவம். வீட்டில் ஒரே ஒரு பாத்ரூமுக்கு டைல்ஸ் மாற்றிப் பார்த்தவர்கள்கூட என் சொந்தக்காரர்கள்தான். அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்குச் சிதம்பரத்தில் சொந்த வீடு. என் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் ஏற்கெனவே இரண்டு சின்ன வீடுகளை வாங்கி, சரி பண்ணி, விற்றிருந்தேன். அந்தத் தெம்பில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெரிதாக ஒரு பழைய வீட்டை வாங்கிப் போட்டேன். பணம்? சிதம்பரம் வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்தோம். மார்கழி பிறப்பதற்குள் கடலூர் வீட்டை விற்றுக் கடனை அடைத்தாக வேண்டும். மார்கழியில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள். தை வரைக்கும் பேங்க் பொறுக்காது. விற்காவிட்டால், நாங்கள் படுத்து எழுந்திருக்கிற வீடு போய்விடும். மாமா இதை ஒரு தடவைகூட வாய் விட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஜாஸ்தி பயமாக இருந்தது.

சின்ன வேலை

ஏழுமலை மேஸ்திரி நல்ல வேலைக்காரர். அவரிடம் ஒரே பிரச்சினை, எந்த வேலையைச் சொன்னாலும் "சின்ன வேலைதாங்கா" என்பார். கூடத்துச் சுவரில் ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு பொந்து போடச் சொன்னேன். அதுவும் சின்ன வேலைதான். உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினார். உள்ளே எங்கேயோ மண் சரிகிற சத்தம் கேட்டது. அப்புறம் பூச்சு கொட்டியது. அப்புறம் செங்கல். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கூடத்திலிருந்து பார்த்தால் பக்கத்து ரூம் முழுசாகத் தெரிந்தது.

பட்ஜெட்டில் ஸ்விட்ச் பெட்டி இருந்தது, சுவர் இல்லை. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "செவுரு நல்லாதாங்கா இருந்துச்சி. நாமதான் தட்டிட்டோம்."

கண் திருஷ்டி

வேலை நடக்கிற வீட்டுக்கு முன்னால் வைக்கோல் பொம்மை ஒன்று கட்டித் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். கண் படாமல் இருக்க. பொம்மைக்கு ஒரு பழைய பேண்ட், சட்டை வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். மாமாவின் கட்டம் போட்ட நீலச் சட்டை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அவருக்கு அது பிடித்த சட்டை என்பது எனக்குத் தெரியும். சும்மா கிடக்கிறது என்பதும் தெரியும். எடுத்துக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி அதில் வைக்கோலைத் திணித்து, இடுப்பில் பெல்ட் கட்டி, பூசணிக்காய்த் தலை வைத்து, மேல் மாடி மூங்கில் சாரத்தில் நிறுத்தினார். தொப்பை உட்பட அச்சு அசல் மாமாவேதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வேலையைப் பார்க்க வந்தார். அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக்காரர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர், கீழே நிற்கிற மாமாவையும் மேலே நிற்கிற மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நீங்க இல்லீங்களா சார்? ரெண்டு நாளா வணக்கம் வைக்கிறன், திரும்பிகூட பாக்கலியேன்னு மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சி."

இடுப்பு மட்டும் டைல்ஸ்

பெயின்ட் அடித்து முடித்ததும் வீடு பளபளவென்று இருந்தது. கூடத்தில் சுவரின் கீழ்ப்பாதிக்கு, இடுப்பு உயரம் வரை, சந்தனக் கலரில் டைல்ஸ் ஒட்டினேன். சென்னையில் ஒரு வீட்டில் பார்த்து ஆசைப்பட்டது. அழகுக்கு, வேறு ஒரு காரணமும் கிடையாது.

முதலில் பார்க்க வந்தவர் ஒரு ரிட்டயர்டு தாசில்தார். வாசலுக்கு வந்ததும் பூட்டைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து சுவரின் அடிப்பகுதியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து, என் புது பெயின்ட்டை லேசாகச் சுரண்டினார். கடலூர்க்காரர்கள் வீடு பார்க்கிற முறை அதுதான். வெள்ளத் தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்குப் பழைய கறை ஏதாவது தெரியுமா என்று தேடுவார்கள். "இந்தத் தெரு மேடுங்க ஐயா, தண்ணியே வந்ததில்ல" என்றேன். அது சத்தியமான உண்மை. அவர் கூடத்துக்கு வந்து டைல்ஸை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "தண்ணி வராத ஊட்டுக்கு எதுக்கும்மா இடுப்பு மட்டும் டைல்ஸ்?"

மேல்பட்டாம்பாக்கம் பார்ட்டி

புரோக்கர் ராஜவேலு வாயைத் திறந்தால் "கன்பார்ம் பார்ட்டிக்கா" என்றுதான் ஆரம்பிப்பார். அப்படி ஒரு கன்பார்ம் பார்ட்டியை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கூட்டி வந்தார். புருஷன், பெண்டாட்டி, கூட ஒரு பெரியவர். அவர்கள் பார்த்த மாதிரி என் வீட்டை யாரும் பார்த்ததில்லை. சமையல் மேடையின் உயரத்தை டேப் வைத்து அளந்தார்கள். அலமாரிக் கதவை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார்கள். லாஃப்ட்டை போட்டோ எடுத்தார்கள். கிரானைட் எங்கே வாங்கியது, சுவருக்குப் பட்டி எத்தனை கோட் என்று கேட்டார்கள். நான் கடைப் பெயர் முதற்கொண்டு சொல்லி, ஓடி ஓடி மோர் கொடுத்தேன். இன்றைக்கே அட்வான்ஸ் என்று மனதுக்குள் முடிவே பண்ணிவிட்டேன். மாமாவுக்கு போன் பண்ணலாம் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

செருப்பை மாட்டும்போது அந்த அம்மா பெரியவரிடம் திரும்பினார். "மேஸ்திரி, பாத்துக்கிட்டீங்கள்ல? நம்ம ஊட்டுக்கும் இதே மாதிரி பண்ணிடுங்க."

மழை வரட்டும்

ஆடியில் யாரும் வரவில்லை, ஆடி. ஆவணியில் வந்தவர்களுக்கு விலை கட்டவில்லை. புரட்டாசியில் வந்த ஒரே குடும்பத்துக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் மழையில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நியாயம்தான். அதனால் நான், வாழ்க்கையில் முதல் முறையாக, மழைக்காக வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. காலையிலேயே பஸ் பிடித்துக் கடலூர் போய்விட்டேன். எங்கள் தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, தண்ணீர் தேங்காமல் வடிந்து ஓடுகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். எவரும் வரவில்லை. கடைசியில் நானே போன் பண்ணினேன். "தண்ணி நிக்குதான்னு பாக்கதாங்க கெளம்புனோம்" என்றார் அந்த வீட்டுக்காரர். "எங்க தெருவுலயே தொடை மட்டும் தண்ணி. வெளிய வர முடியல."

அந்தக் கேள்வி

கார்த்திகை பிறந்தபோது எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. அப்போதுதான் வசந்தா வந்தார். தேவனாம்பட்டினத்துக்காரர், சொந்தமாகப் படகு இருக்கிற குடும்பம். கடலை விட்டுத் தள்ளி ஒரு வீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். டைல்ஸைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மாடி ஏறினார், இறங்கினார். நல்லா இருக்குது என்றார்.

"இம்மாம் அழகா பண்ணிருக்கீங்க" என்றவர், கேட்டை மூடிக்கொண்டே கேட்டார்: "அப்புறம் ஏன் நீங்க இதுல இல்ல?"

கசிகிற இடம்

இது தொழில் என்றேன். யோசித்துச் சொல்வதாக அட்ரஸ் வாங்கிக்கொண்டு போனவர், நாலைந்து நாள் கழித்துச் சிதம்பரம் வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாளாம்; அவளைப் பார்க்க வந்தவர், விலை பேசிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிற நான், எங்கள் வீட்டுக்கு ஒரு பிரஷ் சுண்ணாம்பு அடித்ததில்லை. கொல்லைக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். சமையலறைக் குழாய்க்குத் துணி கட்டியிருந்தது. சுவரில் தலை உயரத்துக்கு மழைத் தண்ணீர் இறங்கி, ஒரு பெரிய தோசை அளவுக்குக் கறை. அதை மறைத்துக்கொண்டு நின்றபடியே வசந்தாவுக்கு டீ கொடுத்தேன். அவர் என்னை மெதுவாக நகர்த்திவிட்டு அந்தக் கறையைப் பார்த்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்றார். இருபத்தைந்து வருஷம் என்றேன். பிள்ளை பிறந்தது, வளர்ந்தது, வேலைக்குப் போனது எல்லாம் இந்த வீட்டில்தான். மழைக்கு வேறெங்கேயாவது ஒழுகுமா என்றார். இல்லை, இந்த ஒரு இடம்தான், ஒரு குண்டான் வைத்தால் போதும் என்றேன்.

"அப்ப எங்களுக்கு இந்த ஊட்டையே குடுத்துடுங்க" என்றார் வசந்தா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பாப்பாவும் இங்கருந்தே காலேஜ் போயிக்கும். இது எங்க ஒழுவும்னு ஒங்களுக்குத் தெரியுது. அந்தப் புது ஊடு எங்க ஒழுவும்னு எங்களுக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது."

சாவி

மாமாவிடம் கேட்டேன். அவர் ஜெராக்ஸ் கடை ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தார். விற்காவிட்டால் பேங்க் எடுத்துக்கொள்ளும். விற்றால் பேங்க்குக்குக் கட்டிவிட்டு, தலை நிமிர்ந்து கடலூருக்குப் போகலாம். கணக்கு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கார்த்திகை முடிவதற்குள் கிரயம் பண்ணிக் கொடுத்தோம். அடமானம் வைத்த பத்திரம் திரும்பி வந்து, எங்கள் கையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, கொல்லைக் கதவை எப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று வசந்தாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். காட்டும்போதே அழுகை வந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு வீட்டுச் சாவியைக் கைமாற்றியவள், அன்றைக்கு வாசலில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். மாமாதான் என்னை பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக் கூட்டிப் போனார்.

மார்கழி பிறப்பதற்கு முன்பே கடலூர் வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். தை பிறந்து முதல் வாரம். வாசலில் கோலம், கொடியில் துணி, சமையலறையில் கருவாட்டுக் குழம்பு வாசனை. புரோக்கர் ராஜவேலு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கொடியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோனது. "இப்பதாங்கா இது ஊடு மாதிரி இருக்குது. நாளைக்கே ரெண்டு கன்பார்ம் பார்ட்டிய கூட்டியாரேன், குடுத்துடலாம்."

விற்க வாங்கின வீட்டில் குடியிருக்கிறேன், குடியிருந்த வீட்டை விற்றுவிட்டேன். இதற்கு எங்கள் தொழிலில் லாபம் என்று பெயர்.