ஜிஞ்சர் எண்பத்தைந்து

அந்தப் பானத்துக்குப் பேர் வைத்தவள் நான்தான். வேறு யாராவது வைத்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. பி.காம். முடித்துவிட்டு, திருப்பூர் தாராபுரம் ரோட்டில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையரிடம் இங்கிலீஷில் பேசக்கூடிய ஒரே பெண் அந்தக் கம்பெனியில் நான்தான். தலைக்கனமா என்றால், ஆமாம், கொஞ்சம் இருந்தது. வேலை தெரிந்தவர்களுக்கு அது இருக்கத்தான் செய்யும்.

எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே சோடா பாயின் கடை. முன்னால் கடை, பின்னால் சோடா மிஷின், அதற்கும் பின்னால் வீடு. அவருடைய அத்தா காலத்திலிருந்து கோலி சோடாவும் கலரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீ இடைவேளையில் டெய்லர்கள் முழுக்க அவர் கடையில்தான் நிற்பார்கள். பிறகு பெரிய கம்பெனிக் கலர்கள் பளபளவென்று ஐஸ் பெட்டியோடு ரோட்டுக்கு வந்தன. ஒரே வருஷத்தில் பாய் ஈ ஓட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

"இந்தக் கோடைல புதுசா ஒண்ணு போட்டுப் பாக்கறனுங்க அம்மிணி. அது ஓடலைன்னா மிஷினை நிறுத்திப்போட்டு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போயிர்றேன்," என்றார் ஒரு நாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சாயப்பட்டறையில் பேசியும் வைத்துவிட்டார். நாற்பத்தைந்து வயதில் அந்த மனுஷன் சாயத் தண்ணீரில் கால் வைத்து நிற்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புதுச் சரக்கு அவருடைய சம்சாரத்தின் கைப்பக்குவம். இஞ்சியும் எலுமிச்சையும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சி, இரண்டு மிளகைத் தட்டிப் போட்டு, ஆறவைத்து வடிகட்டித் தருவார். பாய் அதில் சோடா ஏற்றுவார். குடித்தால் தொண்டையில் சுரீரென்று இறங்கி மூக்கு வழியாக வெளியே வரும். சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை.

அந்தச் சமயம் சாம்பிள் பார்க்க எங்கள் பையர் வந்திருந்தார். வெள்ளைக்காரர். வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோயிருந்தார். பாய் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வரச்செய்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஜிஞ்சர் பீர். எங்க ஊர்லயும் உண்டு, போதை கிடையாது, குழந்தைங்ககூடக் குடிக்கும். இது அதைவிட நல்லாருக்கு," என்று இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவுதான். எனக்குப் பேர் கிடைத்துவிட்டது.

திருப்பூரில் வேலை பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு பையர் வாய்தான் சட்டம். ஒரு சாம்பிளை அவர் அப்ரூவ் செய்துவிட்டால், பிறகு காலர் அரை சென்டிமீட்டர் நகராது, நூல் நிறம் ஒரு ஷேடு மாறாது. முதலாளியே வந்து மாற்றச் சொன்னாலும் மாட்டோம். நான் அந்தப் பழக்கத்தை அப்படியே ரோட்டைத் தாண்டி சோடாக் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் லேபிள் அடிக்கும் பிரஸ்ஸிலேயே மஞ்சள் தாளில் பச்சை எழுத்தில் 'ஜிஞ்சர் பீர்' என்று தமிழில் கொட்டையாக அடித்து வாங்கிக் கொடுத்தேன். பாய் லேபிளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எழுத்து நல்லா இருக்குதுங்க," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை காலையில். கம்பெனிகளுக்கு லீவு. கடைக்கு முன்னால் பந்தல், மாவிலை இல்லாத குறைக்கு வண்ணக் காகிதம், ரிப்பன். பள்ளிவாசல் ஜமாத் பெரியவர் ரிப்பன் வெட்ட வருகிறார். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தைத்த பனியனைச் சரிபார்க்கும் என் செக்கிங் பெண்கள் நாலு பேரோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

போன பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத் தெருவாகப் போய், "புத்தம் புதிய ஜிஞ்சர் பீர், இன்று ஒரு நாள் மட்டும் இலவசம்" என்று கத்திவிட்டு வந்திருக்கிறது. பந்தல் நிறைய ஆட்கள். கையில் ஊறுகாய்ப் பொட்டலம், சுண்டல் பொட்டலம். ஒருவர் வீட்டிலிருந்து டம்ளரே கொண்டுவந்திருந்தார். குழந்தை குட்டியோடு வந்த குடும்பங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கிசுகிசுத்தார்கள்.

ஜமாத் பெரியவர் வந்தார். கத்திரிக்கோலைக் கையில் எடுத்தார். மேசைமேல் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கத்திரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டார்.

"என்ன பாய் இது. உங்க அத்தா பேர் போட்ட கடைல பீர் விக்கறீங்களா?"

பாய் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். ஒரு சொட்டுக் குடித்தறியாத மனுஷன்.

அதற்குள் டம்ளரோடு வந்தவர் பொறுமை இழந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து ஊற்றிக் குடித்தார். புரை ஏறி இருமினார். "இது என்னங்க, வெறும் இஞ்சித் தண்ணி. ஏமாத்தறதுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா?" என்று சண்டைக்கு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஓசில குடிக்க வந்துட்டு நியாயம் பேசறீங்களா? போங்க, போய்ட்டு வாங்க," என்று எகிறினேன். ஆனால் அந்தக் கோபத்தோடு பெரியவர் பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. குடிக்கிறவன் வேண்டாம் என்கிறான், குடிக்காதவன் கிட்டேயே வரமாட்டேன் என்கிறான். நடுவில் பாய் நிற்கிறார். என் லேபிள்தான் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறது.

இருந்தாலும் நான் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. லேபிள் தப்பானால் என்ன செய்வது என்று திருப்பூர்க்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பெனி கேட்டைத் திறக்கச் சொல்லி, எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று நம்பர் அடித்த பனியன் சைஸ் ஸ்டிக்கர் ரோல்களை அள்ளிக்கொண்டு வந்தேன். 'பீர்' என்ற எழுத்தின்மேல் சரியாக உட்காரும் அளவு. முதலில் கைக்கு வந்தது தொண்ணூறு.

"தொண்ணூறு வேண்டாங்கக்கா," என்றாள் செக்கிங் பெண் ஒருத்தி. "பிராந்திக் கடைல தொண்ணூறுன்னா தொண்ணூறு மில்லி சரக்கு. மறுபடியும் இந்தக் குடிகாரங்களே வந்து நிப்பாங்க."

அவள் சொன்னது சரி. எண்பத்தைந்து ரோலை எடுத்தோம். ஐந்து பேரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒட்டினோம். ஒட்டுகிற கை அது, கால் மணி நேரத்தில் அத்தனை பாட்டிலும் 'ஜிஞ்சர் 85' ஆகிவிட்டது.

பிறகு மைக்கை வாங்கினேன். "இது பீர் இல்லீங்க. இஞ்சிச் சாறு. பேர் வெச்சது நானுங்க. தப்பு என்னுது. பாய் மேல ஒரு குத்தமும் இல்லீங்க," என்றேன். அவ்வளவு பேர் முன்னால் தப்பு என்னுது என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

யாரும் அசையவில்லை. அப்போது பாயின் சம்சாரம் உள்ளேயிருந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். கடை முன்பக்கம் அவர் வந்து நான் பார்த்ததே கிடையாது. ஒரு பாட்டிலைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை எல்லாரும் பார்க்கக் குடித்தார். இன்னொன்றைப் பெரியவரிடம் நீட்டினார்.

"எங்கையால காச்சினதுங்க. எம்புள்ளைகளுக்கும் இதைத்தான் தர்றேன்."

பெரியவர் வாங்கிக் குடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது, மிளகு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா," என்றார். அப்புறம்தான் ரிப்பனை வெட்டினார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் மொத்தமும் இந்தப் பக்கம் வந்தார்கள். மத்தியானத்துக்குள் பாட்டில் தீர்ந்தது. மறுநாள் டீ இடைவேளையில் எங்கள் டெய்லர்கள், "பாய், நமக்கு ஒரு எம்பத்தஞ்சு," என்று சைஸ் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பாய் சாயப்பட்டறைக்குப் போகவில்லை. அந்தக் கோடையிலும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. விழா முடிந்த அன்று சாயங்காலம், பாய் காலி பாட்டில்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பந்தல் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ஜெயித்த வாய் சும்மா இருக்குமா?

"பாத்தீங்களா பாய், எப்படிச் சரி பண்ணினேன்னு. என்ன, பீர்னா சனங்க இப்படி மிரளுவாங்கன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தோணலை."

பாய் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். கோபமில்லாமல், சிரித்த முகமாகவே சொன்னார்.

"எனக்குத் தோணுச்சுங்க அம்மிணி. பீர்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? பேர் சொன்னப்ப ஒருக்கா, லேபிள் அடிக்கப் போனப்ப ஒருக்கா, கொண்டாந்து குடுத்தப்ப ஒருக்கா, மூணு தரம் வாயெடுத்தனுங்க. மூணு தரமும் பையர் அப்ரூவ் பண்ணிட்டார்னீங்க. படிச்ச புள்ளை, இவ்வளவு உறுதியாச் சொல்லுது, நமக்குத்தான் வெளங்கலையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டனுங்க."

மூன்று தரமா என்று யோசித்துப் பார்த்தேன். அவர் வாயெடுத்தது ஒரு தரம்கூட எனக்கு நினைவில் இல்லை.