தணலில் போடாத மோதிரம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, பூண்டுலோயா டவுனில் சொந்தமாக இரண்டு கடை போட்டவன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றுதான் போன மாதம் வரை இருந்தேன்.

பேத்திக்குக் காய்ச்சல் பார்க்கும்போது பழைய தெர்மாமீட்டர் என் கை தவறி உடைந்தது. பாதரசம் தரையில் முத்து முத்தாக உருண்டது. கொஞ்சத்தை உள்ளங்கையில் ஏந்திப் பேத்திக்கு வேடிக்கை காட்டினேன். பார்த்தால், என் முதல் சம்பாத்தியத்தில் செய்த தங்க மோதிரம் பாதரசம் பட்டு வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது. சுட்டால் சரியாகுமென்று, அதைக் கழற்றி, குளிருக்கு மூட்டிய அடுப்பில் போடக் குனிந்தேன்.

மருமகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள்.

"வேணாம் மாமா! சூடானா பாதரசம் விஷ ஆவியா கெளம்பும். பிள்ளைதானே அத மூச்சுல இழுக்கும்!"

கையை உருவினேன். விடவில்லை. என்னை அதுவரை யாரும் அப்படித் தடுத்ததில்லை.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போன என் மனைவி, "ஒங்க தாத்தாவ அடக்க ஆளு வந்திருச்சுடி" என்று சிரித்தாள்.

மருமகள் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்தாள். நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

"கூட்டுனா இன்னும் செதறும் மாமா. டார்ச் அடிங்க, போதும்."

தடித்த அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, மூடி போட்ட போத்தலில் அடைத்தாள். மோதிரமும் அதற்குள் போனது. ஆஸ்பத்திரியில் கேட்டு, அவர்கள் சொன்ன இடத்தில் ஒப்படைத்தோம்.

மோதிரம் எங்கே என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். வெறும் விரலைக் காட்டி, என் மருமகளைப் பற்றித்தான் இப்போதெல்லாம் பெருமையடிக்கிறேன்.