ஈரத்துணியால் அழித்த முகம்

இரண்டாயிரத்து நாலாம் வருடம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் என் மனைவி வேலை பார்த்தாள். அங்கே வந்த பெண் ஓவியர் ஒருவர், தண்ணீரில் குழைத்த வண்ணத்தால் ஒரு பீங்கான் தட்டில் அவள் முகத்தை வரைந்து கொடுத்திருந்தார். அதைக் கொண்டுவந்து வீட்டில் மாட்டியிருந்தாள். சிவந்த கண், இறுகிய வாய். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“சாமி இருக்கிற வூட்ல இந்த மூஞ்சியா? யாரு மேல இவ்ளோ கோவம்?” என்று கத்திக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தேன். வண்ணமெல்லாம் கரைந்துபோனது.

“உங்க மேலதாங்க,” என்றாள். “வேல முடிஞ்சு வந்து, நீங்க பஜனைக்குக் கூட்டியார பக்தருங்களுக்கு வாராவாரம் வடிச்சுக் கொட்டுறேன். சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? அந்தம்மா கேட்டாங்க. அப்புறந்தான் வரைஞ்சாங்க.”

முருகன் அறிய, நான் கேட்டதே இல்லை. படத்தை அழித்துவிட்டேன், அவள் கோபம் அப்படியேதான் இருக்கிறது. எனக்கும் என் மேல் அதே கோபம்தான்.