ஜூலிக்கு ஒரு குடம்

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா கொடுத்தால் வாங்கிக்கொள்ளக்கூட ஆள் கிடையாது என்று ஒரு வேலை உண்டென்றால், அது பிளாட் அசோசியேஷன் செகரெட்டரி வேலைதான். அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு என் மனமார்ந்த அனுதாபங்கள்!

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் நாங்கள் குடியிருந்த பிளாட்டில் யார் செகரெட்டரி என்று பேச்சு வந்தபோது, ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். நான் காபி கொண்டுவர எழுந்தேன். எழுந்தவள்தான் செகரெட்டரி என்று கைதட்டி முடித்துவிட்டார்கள். தலைவர் நாராயணன் சார். மயிலாப்பூர்க்காரர், ஆடிட் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனது ஆபீசுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

நாலாவது வரி

இரண்டாவது மாடியில் ரமணி என்று ஒருவர். கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர், மனசு ஒடிந்து போய் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியிருந்தார். யாரோடும் பேச்சு கிடையாது. காலிங் பெல் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். டாக்டர் சொல்லி அவர் மனைவி கல்பனா ஒரு தெருநாய்க்குட்டியை எடுத்து வந்தாள். ஜூலி என்று பெயர். மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் தெருவில் நடக்க ஆரம்பித்தார். எங்கள் கண்ணையே எங்களால் நம்ப முடியவில்லை.

ஆனால் 'குடியிருப்பில் நாய், பூனை வளர்க்கக் கூடாது' என்பது நாராயணன் சார் தன் கையால் டைப் அடித்து ஒட்டிய விதி. கல்பனா டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மூன்று மாத்திரை எழுதி, நாலாவது வரியில் 'வளர்ப்பு நாய் அவசியம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: "சரிம்மா, இந்த நாலாவது ஐட்டம் சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

மேசை, நாற்காலி, ஜூலி

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. முதல் மாடி வக்கீல் வரதன் வீட்டுக்குப் படியேறினேன். மனசு சரியில்லாதவருக்கு டாக்டரே துணை என்று எழுதிக் கொடுத்த நாயை விரட்ட முடியுமா, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். வெளிநாட்டில் கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்க்கு உரிமை இருப்பதாகப் படித்திருக்கிறேன், மனசுக்குத் துணையாக இருக்கும் நாய்க்கு இங்கே ஒரு வரியும் எனக்குத் தெரிந்து இல்லை என்று கையை விரித்தார். "சட்டத்தைப் பொறுத்தவரை நாய் ஒரு சொத்து மேடம். உங்க மேசை, நாற்காலி மாதிரி."

நான் விடுவேனா? "அப்ப நல்லதாப் போச்சு! மேசையை வெளியே போடுன்னு எந்த அசோசியேஷனாவது சொல்ல முடியுமா?" என்றேன். வரதன் ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்: "மேசை குரைக்காதே, மேடம்."

கேட்டில்

மறுநாள் காலையில், வெளியே போன நாயை உள்ளே விடக்கூடாது என்று நாராயணன் சார் வாட்ச்மேன் ஏழுமலைக்கு உத்தரவு போட்டுவிட்டார். நான் பால் வாங்கக் கீழே போனபோது, ஏழுமலை குற்றம் செய்தவன் மாதிரி என் முன்னால் வந்து நின்றான். "நாய நிறுத்தச் சொன்னாரும்மா, நிறுத்தினேன். ரமணி சாரும் அது கூடவே வெளியே நின்னுகினு வெடவெடன்னு நடுங்கினு கீறாரு. பாக்க முடியல, ரெண்டு பேரையும் உள்ள வுட்டுட்டேன். வேலை போனா போவட்டும், இன்னா இப்போ?"

மாமியாருக்குக் கிடைக்காத குடம்

அந்தக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். லாரி வந்தால் தலைக்கு இரண்டு குடம். நாராயணன் சார் கழுத்தில் விசிலோடு நின்று "எத்தனை தலை?" என்று கேட்டுக் கேட்டு அளப்பார். அசோக் நகரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். நான் ஒரு தலை கூட்டிச் சொன்னேன். "விருந்தாளிக்குக் கிடையாதும்மா. குடியிருக்கறவாளுக்கு மட்டும்தான்" என்று விசில் ஊதிவிட்டார். செகரெட்டரி என்றும் பார்க்கவில்லை!

என் பின்னால் கல்பனா. அவள் முற்றத்துக் குழாயில் நாய்க்குத் தண்ணீர் பிடிக்கிறாள் என்று ஒரு புகார் கிளம்பியது. சார் யோசித்தார். "ஜீவன் தண்ணி குடிக்கறதைத் தடுத்தா பாவம். ஆனா கணக்கில்லாம ஒரு சொட்டு போகப்படாது. அது இங்க இருக்கற வரைக்கும் அது தலைக்கு ஒரு குடம், அதோட சரி" என்று கல்பனாவின் பங்கோடு இன்னொரு குடத்தை நிரப்பச் சொன்னார். மாடி ஜன்னலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அடுத்த தடவை நாலு கால்ல வரேன்டியம்மா!"

மொட்டை மாடிக் கூட்டம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. ஒரு வாரத்துக்குள் நாயை வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம். கல்பனா எழுந்தாள். "ஜூலி போனா அவர் திரும்பவும் பாத்ரூமுக்குள்ள போயிடுவாருங்க. அப்புறம் என்னால வெளியே கொண்டுவர முடியாது. நாங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறதைத் தவிர வழியில்ல" என்றாள். மற்றவர்கள் தீர்மானத்துக்குக் கையைத் தூக்கத் தயாராக இருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். வாய் சும்மா இருக்காது, அதுதான் நான்! "சார், லாரித் தண்ணி யாருக்கு உண்டு?" என்று கேட்டேன். "குடியிருக்கறவாளுக்கு" என்றார். "விருந்தாளிக்கு?" "கிடையாது." "அப்ப ஜூலிக்குக் குடம் அளந்து கொடுத்தது யாரு சார்? அது சொத்தா, விருந்தாளியா, குடியிருக்கிற ஜீவனா? நீங்களே சொல்லுங்க." வக்கீல் வரதன் பெரிதாகச் சிரித்து, மேசைக்கு யாரும் தண்ணீர் அளப்பதில்லையே சார் என்றார்.

நாராயணன் சார் முகம் சிவந்துவிட்டது. தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு, தீர்மானம் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். அன்றைக்கு அந்த மனுஷர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. "என் வாயால சொன்ன கணக்கை நானே அடிச்சுத் திருத்தமாட்டேன். அது இங்கதான் குடியிருக்கு, போங்கோ எல்லாரும்!"

எத்தனை தலை?

அடுத்த லாரி புதன்கிழமை வந்தது. வரிசையில் நான் முன்னால் நின்றேன். என் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால் பின்னால் கல்பனா இல்லை, ரமணி! சவரம் செய்த முகம், சலவைச் சட்டை, ஒரு கையில் குடங்கள், மறு கையில் ஜூலியின் கயிறு. கூட்டத்துக்கு நடுவில், அத்தனை சத்தத்தில். ஜூலி அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மாடியில் கல்பனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நாராயணன் சார் குழாயைப் பார்த்தபடியே வழக்கம்போல "எத்தனை தலை?" என்றார்.

பதில் வரவில்லை. சார் நிமிர்ந்து பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பின்னால் முணுமுணுத்தவர்களைக் கையைக் காட்டி அடக்கினார். அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எனக்குக் கண் மறைத்துவிட்டது, குடத்துத் தண்ணீரில் பாதி என் புடவையில். ரமணியின் உதடு இரண்டு தரம் அசைந்தது. அப்புறம் தெருமுனைவரை கேட்கிற குரலில் சொன்னார்: "மூணு தலை சார். நான், கல்பனா, ஜூலி."

நான் செகரெட்டரியாக இருந்தவரை மோட்டார் ஒழுங்காக ஓடியதில்லை, மாடி ஒழுகல் நின்றதில்லை, ஆனால் நாய்க்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்த செகரெட்டரி மெட்ராஸிலேயே நான் ஒருத்திதான் என்று, புடவைக்குக் காலர் இல்லாவிட்டாலும், இன்றைக்கும் தூக்கி விட்டுக்கொள்கிறேன்.