கை நின்ற இடங்கள்

வலது கை துணியை ஊசிக்கு முன்னால் தட்டையாகப் பிடித்துக்கொண்டு போனது. இடது கையின் இரண்டு விரல்கள் மடிப்பின் ஓரத்தைத் தடவியபடி கூடவே நகர்ந்தன. கெட்டியான பச்சைக் காடாத் துணி. கஞ்சி இன்னும் போகவில்லை. மடித்தால் முரண்டு பிடித்தது. அதனால் நகத்தால் ஒரு கீறல் கொடுத்து, மடிப்பைப் பணியவைத்து, அதன் பிறகே ஊசிக்கு விட்டாள். திரைக்கம்பி நுழைவதற்கான மேல்மடிப்பு முடிந்துவிட்டது. அடிமடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நீளமான, கனத்த துணியைத் தைக்கும்போது மிஷினுக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். தைத்து வருவதை இரண்டு கையாலும் வாங்கி, இழுக்கவும் இழுக்காமல், விடவும் விடாமல், ஊசியின் வேகத்துக்குத் தானும் போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி நின்றுகொண்டிருந்தவள் எட்டாம் வகுப்புப் படிக்கும் கலைமகள். தைத்தவள் அவளுடைய அம்மா செல்லத்தாய்.

"நர்ஸக்கா வந்தா ஊசி போடுவாங்களாம்மா?"

"ஒன் வாயில போடச் சொல்லுதேன்."

"போங்கம்மா."

"பெத்தவளப் போங்கங்கா. பாதி கொங்குக்காரியா ஆயிட்டா இவ." செல்லத்தாய் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மிஷினின் சத்தம் மாறியது. "இழுட்டி! துணி அங்ஙனயே நிக்கி பாரு."

துணி மறுபடி நகர்ந்தது.

செல்லத்தாய் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தாவணி வயதில் வந்தாள். பனியன் கம்பெனியில் முதலில் கிடைத்தது கைமடி வேலை. டைலருக்குப் பக்கத்தில் நின்று வெட்டிய பீஸ்களை எடுத்துக் கொடுப்பது, மடித்துப் பிடிப்பது. டைலர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து, கட்டிங் வேஸ்ட்டில் தைத்துப் பார்ப்பாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிரித்துப் பார்த்து, தைத்து, மறுபடி பிரித்துத்தான் கற்றுக்கொண்டாள். இன்று அவள் தைத்த பீஸ் செக்கிங்கிலிருந்து, பிழையைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரோடு திரும்பி வருவது அபூர்வம். தைத்து முடித்ததும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பாள். முன்பக்கம் எல்லோரும் பார்ப்பது; தப்பு பின்பக்கத்தில்தான் தெரியும் என்பது அவள் கணக்கு.

பொங்கலூருக்குப் பக்கத்தில், குழந்தையம்மாள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். கணவன் சீனிச்சாமிக்குச் சாயப்பட்டறையில் வேலை. செல்லத்தாயைக் கூட்டிப்போகும் கம்பெனி வேன் பள்ளிக்கூட நேரத்துக்கு முன்பே வந்துவிடும். கலைமகள் வாய்க்கால் கரையோரமாகத் தனியாக நடந்து பள்ளிக்கூடம் போவாள்.

இந்தத் திரை அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான். இதற்கு முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை அரசு மருத்துவ வேன் பள்ளிக்கு வரும். பல், கண், எடை பார்ப்பார்கள். பிள்ளைக்கு நோய் ஏதாவது உண்டா என்று விசாரிப்பார்கள். அந்த ஒருநாள் மட்டும் கலைமகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். செல்லத்தாய்தான் அந்தக் காய்ச்சலை வரவழைப்பவள்.

காரணம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் கலைமகள் அடுப்படியில் விழுந்தாள், கைகால் வெட்டி இழுத்தது. அடுத்த ஆண்டு இன்னொரு முறை. இரண்டும் கதவுக்குள் நடந்தவை. தெரிந்தவர்கள் யாரும் வராத ஊராகப் பார்த்து ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் மாத்திரை கொடுத்து, தானாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். அதன்பிறகு வலிப்பு வரவில்லை. வரவில்லை என்பதாலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் செல்லத்தாய். லைனின் கடைசி வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பையனுக்கு வாசலில் வைத்து வலிப்பு வந்தது. அடுத்த வாரம் குழந்தையம்மாள் ஒரு சீப்புப் பழத்தோடு அந்த வீட்டுக்குப் போனாள். "கோவிச்சுக்காதீங்க சாமி, உங்க புள்ளைக்கு இந்த எடம் ஒத்துக்கலீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. மாதம் முடிவதற்குள் அந்த வீடு காலியாக இருந்தது.

இந்த ஆண்டு மருத்துவ வேனோடு நிற்கவில்லை. பள்ளியிலேயே ஓர் அறை ஒதுக்கி, வாரந்தோறும் நர்ஸ் வந்து உட்காருவது என்று ஆகிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை அமராவதி டீச்சர் அதை விளக்கினார். "ஒரு புள்ள விடாம, ஒவ்வொண்ணாப் பார்ப்பாங்க. இன்னிக்கு வரலீன்னா அடுத்த வாரம். தப்பவே முடியாதுங்க" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் பார்வை செல்லத்தாயிடம் வந்தது. "நம்ம டைலரம்மா இருக்காங்களே. கட்டிலுக்கு ஒரு தெர தெச்சுக் குடுத்துருங்க. உள்ள படுத்திருக்கற புள்ள வெளிய தெரியப்படாதுங்க." கைதட்டினார்கள். செல்லத்தாய் தலையாட்டினாள்.

அடிமடிப்பை முடித்து நூலை வெட்டினாள். வழக்கம்போல வாசலுக்குக் கொண்டுபோய் பின்பக்கத்தைத் திருப்பினாள். விரல் தையல்மேல் ஓடிவந்து ஓரிடத்தில் தடுக்கியது. அங்கே தையல் நெருங்கிப்போய், எறும்பு மொய்த்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. ஒரு விரல்கடை அளவுதான். அதற்கப்புறம் மறுபடி சீராக ஓடியது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு இடம். அதற்கப்புறமும் இருந்தது.

மிஷின்தான் கோளாறு என்று நினைத்தாள். துணியைக் கடத்தும் பல்லைத் துடைத்தாள், ஊசியை மாற்றினாள், அதே துணியின் மிச்சத் துண்டு ஒன்றைத் தனியாகத் தைத்துப் பார்த்தாள். தையல் நூல்பிடித்த மாதிரி நேராக, சீராக வந்தது.

பின்னால் பிடிப்பவர் கை நின்றால்தான் தையல் இப்படி நெருங்கும். துணி நகராது, ஊசி இருந்த இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். கைமடியாக நின்ற காலத்தில் இதற்காக அவளே திட்டு வாங்கியிருக்கிறாள். ஆனால் அது கண் அயர்ந்ததால் வந்தது. கலைமகள் அயரவில்லை. கதை பேசிக்கொண்டல்லவா நின்றாள்.

"கலை, இங்க வா. பக்கவாட்டு மடிப்பு பாக்கி இருக்கு. பிடி."

இந்த முறை செல்லத்தாய் ஊசியைப் பார்க்கவில்லை. கையைத் துணியோடு விட்டுவிட்டு மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மிஷினை ஓட்டினாள்.

"வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்கம்மா. கரை தொட்டுப் போவுது. மதியம் சாப்புட்டுட்டு நானும் தரணியும் டிபன் பாக்ஸ் கழுவ வாய்க்கால் படிக்குத்தான்..."

பேச்சு நின்றது. கண் திறந்தே இருந்தது. அம்மாவின் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் அம்மா விழவில்லை. இமை லேசாகத் துடித்தது. கீழுதடு எதையோ மெல்லுவது போல அசைந்தது. துணியைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றன. ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது.

"...போறோம். படியில பாசி, தரணி போன வாரம் வழுக்கி உழுந்து ஒரே சிரிப்பு" என்றாள் கலைமகள். விரல்கள் துணியை இழுத்தன. "என்னம்மா அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"தையல் கோணுது பாருங்க."

செல்லத்தாய் மிஷினை நிறுத்தினாள். போய்விட்டது என்று அவள் நம்பியிருந்த வலிப்பு எங்கும் போகவில்லை. கீழே தள்ளாமல், சத்தம் போடாமல், பிள்ளை நின்ற இடத்திலேயே வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இன்று மதியம் மட்டும் இத்தனை முறை. எத்தனை நாளாக? அதில் எத்தனை முறை கரையில், எத்தனை முறை அந்தப் படியில்?

ஷிப்ட் முடிந்து சீனிச்சாமி வந்தான். நகக்கண்ணெல்லாம் நீலம். மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு செல்லத்தாய் துணியை அவன் முன்னால் விரித்தாள், பார்த்ததைச் சொன்னாள். அவன் தையலைத் தொடவில்லை.

"பிரிச்சுத் தச்சுரு" என்றான்.

"தையலப் பத்தியா சொல்லிட்டிருக்கேன்?"

"கொடுத்துட்டு வாய மூடிட்டு வா. வயசுப்புள்ளயாகப் போறா. எந்தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும். அவன் தங்கைக்கும் இதுதான். மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் தெரிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனவள் கிணற்றில் கிடந்தாள். குதித்தாளா, வலிப்பு வந்து விழுந்தாளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"தெரிஞ்சதாலதான் அவ செத்தான்னு சொல்லுதீய நீங்க" என்றாள் செல்லத்தாய். "கிணத்தங்கரைக்கு அவ ஒத்தையில போறதப் பாத்த ஊர்க்காரங்களுக்கு அவளுக்கு இது இருக்குன்னு தெரியுமா?"

சீனிச்சாமி நகக்கண்ணின் நீலத்தைச் சுரண்டினான். "வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாவ" என்றான். "பொறவு எங்க போவ?"

செல்லத்தாய் நூல் வெட்டும் கத்தியை எடுத்தாள். நெருங்கிய இடத்தில் வைத்தாள். பிறகு கத்தியை மிஷின்மேல் வைத்துவிட்டு, பக்கவாட்டு மடிப்பில் பாக்கியிருந்ததை மெதுவாகத் தனியாகவே தைத்து முடித்தாள்.

மறுநாள் காலை கம்பெனி வேன் ஆரன் அடித்து, காத்திருந்து, போய்விட்டது. திரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மகளோடு வெளியே வந்தாள். கேட்டருகே குழந்தையம்மாள் நின்றிருந்தாள்.

"ஏங்கண்ணு செல்லத்தாயி, வேலைக்குப் போகலீங்களா?"

"பள்ளிக்கூடத்துல தெர கொடுக்கணும்ங்க."

"அதானே பாத்தேன்." குழந்தையம்மாள் கலைமகளின் கன்னத்தைத் தொட்டாள். "மொகம் வெளுத்தாப்பல இருக்குதே சாமி. எங்கூட்டுத் தரணி சொன்னா, இவ கிளாசுல முழிச்சுட்டே தூங்கறாளாமா. நெசமுங்களா?"

"வெயில்ங்க."

"வெயிலாத்தான் இருக்கோணும். வேற ஒண்ணுன்னா எங்கிட்டச் சொல்லிப்போடோணுங் கண்ணு. நாலு குடி இருக்கற எடம் பாருங்க." சிரித்தாள். வெற்றிலை போடாத, வெள்ளையான, நல்ல சிரிப்பு.

வாய்க்கால் கரையில் செல்லத்தாய் தண்ணீர்ப் பக்கமாக நடந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். தண்ணீர் சத்தமில்லாமல் போனது. அதிகத் தண்ணீர் போகும்போது வாய்க்கால் அப்படித்தான் போகும். ஒரு வேப்பங்கிளை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலத்துக்கு அடியில் போய்விட்டது.

"கை வலிக்குதும்மா. நானென்ன ஒண்ணாப்பா?"

செல்லத்தாய் பிடியைத் தளர்த்தவில்லை. பேசிக்கொண்டே வந்த கலைமகள், படிக்கட்டுக்குப் பக்கத்தில் பாதிச் சொல்லோடு நின்றாள். அவள் கால்மட்டும் இரண்டு எட்டு தானாக நடந்தது. அம்மாவின் பக்கமாக, தண்ணீரின் பக்கமாக. செல்லத்தாய் தன் உடம்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மகள் விட்ட சொல்லைப் பிடித்துத் தொடர்ந்தாள். அம்மா ஏன் குறுக்கே நிற்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த அறையில் புதுப் பெயிண்ட் வாடை. ஒரு கட்டில், எடை மிஷின், சுவரில் கண் பார்க்கும் எழுத்துகள். நர்ஸ் சுபஸ்ரீ சின்னப் பெண். மேசையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பி மாட்டியிருந்தார்கள். பெல் இன்னும் அடிக்கவில்லை; திரையும் இல்லாததால் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள் தரணி, குழந்தையம்மாளின் பேத்தி.

"வாங்கக்கா. தெர இல்லாம ஒரு புள்ளையும் கட்டல்ல ஏறமாட்டீங்குது." சுபஸ்ரீ கையை நீட்டினாள்.

செல்லத்தாய் திரையை எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பி, அடிமடிப்பை விரித்துப் பிடித்து, நர்ஸின் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"தையல் நெருங்கியிருக்குங்க. அடிப்பக்கந்தானே, ஆரு பாக்கப்போறாங்க? உடுங்கக்கா."

"நீங்க பாக்கணும் சிஸ்டர்."

அடுத்து என்ன சொன்னாலும் ஜன்னலுக்குக் கேட்கும். செல்லத்தாய் ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திப் பார்த்தாள், தாழவில்லை.

"இது எம்புள்ள பின்னால பிடிச்சு நின்னது. இந்த எடத்துல, இந்த எடத்துல, இங்க... அவ கை நின்னு போச்சு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆளு இல்ல. முன்னால ரெண்டு தடவ வலிப்பு வந்து விழுந்திருக்கா. மாத்திரைய நிறுத்துனது நாங்கதான். வேன் வர்ற அன்னைக்கெல்லாம் நான்தான் அவளுக்குக் காய்ச்சல்னு சொன்னேன். இப்ப வர்ற வழியிலகூட, வாய்க்கால்கிட்ட..."

கலைமகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் தரணியின் முகம் இல்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது.

சுபஸ்ரீ அந்தச் சத்தம் போன பக்கம் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கலைமகளுக்கு இழுத்துப் போட்டு, "உக்காரு கண்ணு" என்றாள். செல்லத்தாயின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்கக்கா. மொதல்ல இத மாட்டிரலாம்."

செல்லத்தாய் திரையைக் கொடுத்தாள்.